ஊற்றுக்கு வரும் கடல்பசுக்கள்

ஜனவரி 6, செவ்வாய்

வந்து சேர்ந்து இரண்டு நாளாகிறது. இந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர்தான்: என் மகள் வதனி, மாப்பிள்ளை சிபி, நான்.

பிரசவம் பார்க்க பிப்ரவரியில் வர வேண்டியவள், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடந்தது. எட்டாம் மாதம். வதனியே போன் பண்ணி, "அம்மா, துடிப்பு இல்லையாம்மா" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வத்தலகுண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். காதில் விழுவதை விழாதது போல வைத்துக்கொள்ளத் தெரியும். அந்தப் பழக்கம் இப்போது கை கொடுக்கிறது.

ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து சுக்கையும் அரிசித் திப்பிலியையும் முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். "மெடிசின், ஃபார் டாட்டர்" என்றேன். விட்டுவிட்டார்கள். பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்ற உடம்பு பெற்ற உடம்புதான். இன்று மிளகு ரசம், கருணைக்கிழங்கு மசியல், சுட்ட அப்பளம். பூண்டு மட்டும் எதிலும் சேர்க்கவில்லை. காரணத்தை எழுத வேண்டாம்.

ஜனவரி 8, வியாழன்

ஃப்ளோரிடா என்றால் வெயில் என்றார்கள். இன்று காலை புல் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. இந்தக் குளிரில் வதனி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கடி?"

"ஊத்துக்கு."

மாப்பிள்ளை என் பக்கம் வந்து, "நீங்களும் கூடப் போங்க அத்தை. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து இப்பிடித்தான் தனியா போறா" என்றார். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலைக்கு மஃப்ளர் கட்டி, நானும் ஏறினேன்.

கால் மணி நேரத்தில் ஒரு பூங்கா. மரப்பலகைப் பாதை வளைந்து வளைந்து போகிறது. அதன் முடிவில் பாறைக்கு அடியிலிருந்து ஊற்று பொங்கி, ஓடையாகி, ஆற்றில் போய்ச் சேருகிறது. தண்ணீர் வருடம் முழுக்க ஒரே வெதுவெதுப்பாம். வெளியே குளிர் என்பதால் அதன் மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். பிறகு கண் பழகியது. அடியில் கிடந்தவை பாறைகள் இல்லை, கடல்பசுக்கள். ஒவ்வொன்றும் நனைந்த நெல்மூட்டை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு, அசையாமல். ஒன்று மெதுவாக மேலே வந்து, மூக்கைத் திறந்து புஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடி இறங்கியது.

அங்கே நோரா என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். சம்பளம் வாங்காமல் காவல் இருப்பவள். குளிர் வந்தால் ஆற்றில் இருப்பவை செத்துப்போகும், அதனால் இந்தக் கதகதப்பைத் தேடி வருகின்றன என்று சொன்னாள். அவள் இங்கிலீஷ் பாதி புரிந்தது, மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

வதனி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றாள். தையல் போட்ட உடம்பு, உட்காரடி என்றால் கேட்கவில்லை. ஒரு பெரிய கடல்பசுவின் கக்கத்தில் அதன் குட்டி வாயை வைத்துக்கொண்டு கிடந்தது. பால் அங்கேதான் இருக்குமாம். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வதனி திருப்பவில்லை.

ஜனவரி 11

வதனியின் அப்பா ஊரிலிருந்து பேசினார். "புள்ள எப்பிடி இருக்கா?" என்றார். இருக்கா என்றேன். "நீ என்ன பேசுன?" என்றார். என்னத்தைப் பேச? சாப்பிடு, தூங்கு, காதை மூடிக்கோ, காற்றுப் புகுந்துவிடும். இதைத்தான் பேசுகிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மாடியில் கடைசி அறை பூட்டவில்லை, சாத்தி இருக்கிறது. அது எதற்காகத் தயார் பண்ணிய அறை என்று தெரியும். நான் உள்ளே போகவில்லை. வதனி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளேயிருந்து உர்ர் உர்ர் என்று ஏதோ மெஷின் சத்தம். இந்த ஊரில் வெங்காயம் நறுக்க மெஷின், முதுகு சொறிய மெஷின், அழுவதற்கும் ஒன்று வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவளாகச் சொன்னால் சொல்லட்டும்.

சாயங்காலம் சமையலறைக்கு வந்து, "அம்மா, நெறைய பூண்டு போட்டு ஒரு கொழம்பு வையேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். படிப்பு, வேலை, விசா என்று ஓடிய பிள்ளைக்குப் பூண்டு என்ன செய்யும் என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

"இங்கத்திப் பூண்டு நாறுதுடி" என்று சொல்லித் தட்டிக் கழித்தேன்.

ஜனவரி 15

பொங்கல் வைக்கவில்லை. பால் பொங்குவதை இந்த வீட்டில் எப்படி நின்று பார்ப்பது.

ஜனவரி 20, செவ்வாய்

நல்ல குளிர். ஊற்று முழுக்கக் கடல்பசுக்கள். தண்ணீரை விட அவைதான் அதிகம் போலத் தெரிந்தன. பல முதுகுகளில் படகு விசிறி வெட்டிய தழும்பு, வரி வரியாக.

நோரா இன்று எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். வதனியிடம் ஒரு குட்டியைக் கைகாட்டி ஏதோ சொன்னாள். வதனி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஒரு மாதிரி ரத்தம் ஓடுவதை இத்தனை நாளில் இன்றுதான் பார்த்தேன்.

"என்னடி சொல்றா?"

"அந்தக் குட்டியோட அம்மாவ போன வாரம் ஆத்துல படகு அடிச்சிருச்சாம். செத்துருச்சு. இது தனியா வந்துருக்கு. இப்ப அந்தா தெரியுதுல்ல, அந்தப் பெருசு, அது இதுக்குப் பால் குடுக்குதாம். அதுக்குச் சொந்தக் குட்டியும் இருக்கு."

"அதெப்பிடி விடும்?"

"விடுதும்மா. சிலது விடுமாம்."

நான் நம்பவில்லை. எங்கள் வீட்டுப் பசு லட்சுமி, வேறு கன்று கிட்டே வந்தால் உதைத்துத் தள்ளும். ஆனால் கண்ணெதிரே அது நடந்தது. சின்னது தயங்கித் தயங்கிக் கக்கத்தை முட்டியது. பெரியது துடுப்பைச் சற்றே தூக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

வரும்போது காரில் வதனி ரேடியோ போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு மிருகத்தைப் பார்த்து இவள் தேறினால் தேறட்டும், கோயிலாவது குளமாவது என்று எண்ணிக்கொண்டேன்.

ஜனவரி 22, வியாழன்

மாப்பிள்ளை நீல நிற ஐஸ் பெட்டி ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். போன வியாழனும் போனார். ஆபீஸில் விருந்து போலிருக்கிறது. வீட்டு நிலைமைக்கு ஒரு வாரம் போகாமல் இருந்தால்தான் என்ன. சொல்லவில்லை, எழுதி வைக்கிறேன்.

வதனி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டம் ஈரம். அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதற்கு நம் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. என் சின்னம்மாவுக்குச் செய்து பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வந்ததும், "நாளைக்கு இந்தியன் கடையில மல்லியப்பூ வரும்ல, இருக்கிற பூவ அத்தனையும் வாங்கிட்டு வந்துருங்க மாப்பிள்ள" என்றேன். சாமிக்குப் போலும் என்று தலையாட்டினார். அவரிடம் எதற்கென்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 24, சனி

மாப்பிள்ளை வேலையாகச் சிகாகோ போய்விட்டார். அடுத்த வாரம்தான் வருவார்.

வதனிக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல். இடது பக்கம் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு சிவந்து கிடக்கிறது. தொட விடவில்லை. டாக்டருக்குப் போன் பண்ணிப் பேசினாள். மாத்திரை வந்தது. நடுங்கிக்கொண்டே அந்த அறைக்குப் போக எழுந்தாள். படுடி என்று அதட்டிப் படுக்க வைத்தேன். மறுபடி எழுந்தாள். மறுபடி படுக்க வைத்தேன்.

பிரிட்ஜிலிருந்து பூவை எடுத்தேன். நம் நிலக்கோட்டைப் பூவின் கால் தூசு பெறாது, ஆனால் மல்லிகை மல்லிகைதான். சரத்தை மார்பில் சுற்றி வைத்து, என் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன்.

"எதுக்கும்மா இது?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"வலி கேக்கும்."

"குளுகுளுன்னு இருக்கு" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். ஐந்து வயதுக்குப் பிறகு இன்றுதான் இப்படித் தூங்கினாள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 25

காய்ச்சல். காலையும் மாலையும் புதுப் பூ மாற்றிக் கட்டினேன்.

ஜனவரி 26

அப்படியே. எப்போது விழித்தாலும் அந்த அறைக்குப் போகிறேன் என்கிறாள். நான் பிடித்து வைத்தேன். ஒரே ஒரு முறை எனக்குத் தெரியாமல் போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து விழுந்தாள். காய்ச்சலில் பிள்ளையைத் தேடிப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 29, வியாழன்

காய்ச்சல் இறங்கியது. கட்டும் கரைந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருக்கிறது. நைட்டியில் ஈரம் இல்லை. அந்த ஒரு துன்பத்திலிருந்தாவது என் பிள்ளையை மீட்டேன். நான் வந்ததற்கு உருப்படியாகச் செய்த காரியம் இது. இவரிடம் போனில் சொன்னேன். "நீ இருக்கப் போயி ஆச்சு" என்றார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுதத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அந்த அறையில் மெஷின் சத்தம் வெகுநேரம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு வதனி கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் போன், அதில் ஏதோ தேடிப் படித்திருந்தாள்.

"அம்மா, அந்தப் பூவ எதுக்குக் கட்டுன?"

"வலிக்குன்னு சொன்னேன்ல."

"வலிக்கு மட்டுந்தானா?"

இவ்வளவு தூரம் கேட்ட பிறகு மறைப்பானேன் என்று, "பால் வத்துறதுக்குடி. நம்ம பக்கம் அப்பிடித்தான் செய்வாங்க. கைல புள்ள இல்லாம பால் கட்டிக்கிட்டா பெத்தவ தாங்க மாட்டா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள். அந்த அறைக்குள் முதல் தடவை போனேன். தொட்டில், அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி, மேசை மேல் சின்ன மெஷின். அதிலிருந்து இரண்டு குழாய், குழாய் நுனியில் இரண்டு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஈரம் மட்டும் இருந்தது. பிறகு கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போய் அங்கிருந்த ஃப்ரீசர் பெட்டியைத் திறந்து காட்டினாள். தட்டையான பைகள், உறைந்துபோய், அடுக்கடுக்காக. எல்லாம் பால்.

"இது என் புள்ளைக்கு வந்ததும்மா. அவன் குடிக்கல. ஆறு மாசத்துல, ஏழு மாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்குற புள்ளைங்க இருக்குல்ல, ஆஸ்பத்திரில. அதுங்களுக்குக் குடுக்குறேன். வாராவாரம் அவரு அந்த நீலப் பெட்டியில கொண்டு போயிக் குடுத்துட்டு வராரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

"நீ வேணாம்னு சொல்லிருவன்னு பயந்தேன். நீ கேட்டுருக்கலாமேம்மா. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே."

"அந்தப் பேச்ச ஒங்கிட்ட எப்பிடி எடுக்குறது?"

அவள் பெட்டியை மூடினாள்.

"அவன்கிட்ட இருந்து எனக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதாம்மா" என்றாள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால், ரெண்டு அடி அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல, விடு. நீ வேணும்னேவா பண்ணுன?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். மெஷின் சத்தம் மறுபடி கேட்டது. இத்தனை நாளும் என் பிள்ளை அந்த மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று தெரிந்த பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. தோட்டத்தில் போய் நின்றேன்.

பிப்ரவரி 2

பூண்டுக் குழம்பு. வெந்தயக் கஞ்சி. முருங்கைக்கீரை, கடையில் உறைய வைத்தது. மீன் கடையில் பால்சுறா கிடைக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. "அத்தை, நீங்க சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

வைத்ததை எல்லாம் வதனி சாப்பிடுகிறாள். வேண்டாம் என்று சொல்வதில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், முதுகை நீவிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் ஓடுகிறது. இன்று கிண்ணத்தில் வந்தது ஒரு பாலாடை அளவு. அதையும் பையில் ஊற்றி மூடினாள்.

பிப்ரவரி 7

வரவில்லை.

பிப்ரவரி 8

வரவில்லை. மெஷினைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். போதும்மா என்றாள். நான் இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், இன்னும் ரெண்டே நாள் என்று பிச்சை கேட்பது போலக் கேட்டேன். அவள் என் தோளில் கை வைத்து, "எனக்கு வலிக்குதும்மா" என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில் வந்துவிட்டது. ஊற்றுக்குப் போனோம். அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் காரில் ஏறிக்கொண்டேன்.

கடல்பசுக்கள் கலைய ஆரம்பித்துவிட்டன. ஆறு சூடாகிவிட்டதாம், இனி புல் மேயப் போய்விடுமாம். ஒவ்வொன்றாக ஓடை வழியே ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. ஊற்றின் அடி மணல் இன்றுதான் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பெரியது தன் குட்டி ஒரு பக்கம், வந்து ஒட்டிய குட்டி ஒரு பக்கமாகப் போயிற்று. இப்போது அந்தக் குட்டி தயங்கவில்லை.

வதனி அவை ஆற்றுத் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் இத்தனை நாளும் இங்கே வந்து எதைப் பார்த்தாள் என்பது எனக்கு இப்போது புரிகிறது, புரிந்து யாருக்கு லாபம்.

"வதனி, எனக்குத் தெரியாதுடி" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். அப்புறம் நான் கேட்காமலே சொன்னாள். "அவனத் தூக்கிக் குடுத்தாங்கம்மா. நல்ல கனம். அப்பா மூக்கு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவளும் என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் பேசினோம்.

பிப்ரவரி 13, வெள்ளி

மிச்சமிருந்த பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை லீவு போடுகிறேன் என்றார். "இல்ல, நானும் அம்மாவும் போறோம்" என்று வதனி சொல்லிவிட்டாள். நீலப் பெட்டியை நான் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பின் சீட்டில் வைக்கச் சொன்னாள், வைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி. காரை நிறுத்தியதும் வதனி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"என்னால உள்ள வர முடியாதும்மா. நீ குடுத்துட்டு வந்துரு."

நான் போனேன். கவுன்ட்டரில் கறுப்பினப் பெண் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும். பெட்டியை வாங்கி ஒவ்வொரு பையாக எடுத்து வைத்தாள். கையில் கண்ணாடி வைத்திருப்பது போல அவ்வளவு பதனமாக எடுத்தாள். அடுத்த வாரம் எப்போது வருவீர்கள் என்று கேட்டாள்.

"நோ மோர். ஃபினிஷ்ட்" என்றேன். அவளுக்குப் புரியவில்லையோ என்று, "பிகாஸ் ஆஃப் மீ" என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அவள் எழுந்து கவுன்ட்டரைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் கொடுத்தது பல பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு சுவரைக் காட்டினாள். பெரிதாக ஒரு மரம் வரைந்திருந்தது. இலை இலையாகப் பெயர்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பால் கொடுத்த தாய்மார்களின் பிள்ளைகளாம். உங்கள் பேரனுக்கும் ஓர் இலை எழுதுகிறோம், பெயர் என்ன என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.

மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்கு நம் பக்கம் பெயர் வைப்பதில்லை. அதனால் அவனுக்கு ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நாற்பது நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவன் பாட்டி நான். "ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் அத்தனை கார்களுக்கு நடுவே எங்கள் காரைத் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணாடியைத் தட்டினேன். வதனி இறக்கினாள்.

"புள்ள பேரு என்னடி?"

அவள் என்னையே பார்த்தாள்.

"ஆதன்" என்றாள். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். நான் வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சத்தம் போட்டு அழுது பார்த்ததில்லை. ஜன்னல் வழியே அவள் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"போம்மா. போயிச் சொல்லிட்டு வா" என்றாள்.

நான் திரும்பி நடந்தேன். ஆதன், ஆதன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெண் அங்கேயே நின்றிருந்தாள். சொன்னேன். சரியாகக் காதில் விழவில்லை போல, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்து, சரிதானா என்று கேட்டாள். அதற்கும் சொன்னேன். எத்தனை முறை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.